பன்னிரண்டில் ஏழு

பதினோரு ஆட்டம்.
நான்கு வெற்றி, மூன்று சமன், நான்கு தோல்வி.
போட்டது பதிமூன்று, வாங்கியது பதிமூன்று.
கூட்டிக் கழித்தால் பூஜ்யம் வரும் இந்தக் கணக்கை
பேரணாம்பட்டு யங் ஸ்டார் கால்பந்துக் கழகத்தின்
செயலாளர் என்ற முறையில் நான் எழுதுகிறேன்,
தோல்மண்டிச் சீட்டின் பின்பக்கத்தில்.

மாவட்ட லீக், இரண்டாம் டிவிஷன்.
மேலே போகிறவன் பெயர் பேப்பரில் வரும்.
கீழே விழுகிறவனுக்குப் பாவம் சொல்ல நாலு பேர் உண்டு.
ஏழாமிடத்துக்காரனைப் பார்த்தால்
'இந்த வருசம் லீக் நடந்துச்சா?' என்கிறார்கள்.

வியாழக்கிழமை ஆட்டுச்சந்தை கூடும் திடல் எங்களுடையது.
வெள்ளியன்று புழுக்கை கூட்டுவோம்,
சனிக்கிழமை சுண்ணாம்புக் கோடு.
பெனால்டி புள்ளிக்கு இரண்டடி தள்ளி ஒரு முளை,
ஆடு கட்டுவது, எத்தனை ஆட்டியும் வரவில்லை.
அதன் தலைமேல் மண் போட்டு மிதித்து வைத்திருக்கிறோம்.

கோல்கீப்பர் ஜெபதாஸ் பகலில் ஷூவுக்கு சோல் ஒட்டுகிறவன்.
விரலில் பசை இருக்கிறவரை பந்து நழுவாது என்போம்.
நழுவியது, ராணிப்பேட்டையில், இரண்டு முறை.
முனிரத்தினம் ஷேர் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு வந்து
வலது பக்கம் காப்பான்.
ஏழாவது ஆட்டத்தில் இடைவேளைக்குப் பிறகு ஆளைக் காணோம்;
குடியாத்தத்துக்கு சவாரி கிடைத்துவிட்டது.

தஜம்முல் எங்கள் ஃபார்வர்டு.
பத்து ஆட்டம் ஓடினான். கோல் இல்லை.
எங்கள் ஜில்லாவில் ஆறு உண்டு, தண்ணீர் இருக்காது,
கோட்டை உண்டு, ராஜா இருக்கமாட்டான்.
டீக்கடையில் இவனையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டார்கள்.
அவனும் சிரித்துக்கொண்டுதான் டீ குடித்தான்.
காசு நான் கொடுத்தேன்.

கடைசி ஆட்டம் கத்திரி வெயிலில், திமிரியோடு.
ஒரு புள்ளி கிடைத்தால் அவர்கள் டிவிஷனில் தங்குவார்கள்.
எங்களுக்கு ஜெயித்தால் ஏழு, இல்லையென்றால் எட்டு.
அவர்கள் மேனேஜர் கோதண்டம்
தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார்.
'உங்களுக்கு ஒண்ணியும் இல்லியே சார் இந்த மேட்ச்ல.
கொஞ்சம் பாத்து…'
பணம் பேசவில்லை.
பேசியிருந்தால் கோபப்பட்டிருப்பேன், சுலபம்.
'பாக்கலாம் சார்' என்றேன்.
பசங்களிடம் சொல்லவில்லை.

எண்பத்தாறு நிமிடம் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு கார்னர். யாரோ அரைகுறையாகத் தட்டிய பந்து
தரையில் உருண்டு, சட்டென எகிறி,
தஜம்முலின் முழங்காலில் பட்டு உள்ளே போனது.
அவன் கை தூக்கவில்லை.
திரும்பி என்னைத்தான் பார்த்தான்.
பார்க்க வந்த முப்பத்தெட்டு பேரில்
பீடி ஏஜென்ட் ஒருவர் விசிலடித்தார்,
கூட யாரும் அடிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

எல்லாம் முடிந்து பிள்ளைகள் பஸ்ஸுக்கு மூட்டை கட்டும்போது
திமிரி கோல்கீப்பர், மீசை அரும்பாதவன்,
அண்ணன் யாருடையதோ கையுறையோடு
அந்த இடத்தில் நின்று காலால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தான்.
'இது இன்னா சார்?'
முளை என்றேன்.
'எப்பலேர்ந்து கீது?'
சந்தை ஆரம்பித்த நாளிலிருந்து என்றேன்.
அவன் தலையாட்டினான், வாத்தியார் சொன்னதைக் கேட்டதுபோல,
மறுபடியும் மண்ணைத் தள்ளி மூடினான்.
கோதண்டம் தண்ணீர் கேட்டார்.
கேனோடு கொடுத்தேன், இருபது லிட்டர்,
திருப்பித் தரவேண்டாம் என்று சொல்லி.

ராத்திரி கணக்கு.
கையிருப்பு முந்நூற்று நாற்பது.
பந்து இரண்டு, ஒன்றில் காற்று நிற்காது.
தண்ணீர் கேன், முன்பணம் போனது, நூற்றைம்பது.
அடுத்த வரியில் கடப்பாரை என்று எழுதினேன்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதை அடித்துவிட்டு
பம்ப் ஊசி, பதினைந்து ரூபாய்
என்று எழுதினேன்.