குலுக்கலில் விழுந்த வெயில்

பதினேழாவது கேள்வி இது:
நாளொன்றுக்கு எத்தனை நிமிடம்
உங்கள் மேல் வெயில் படுகிறது?

சின்னப்பாலம் நம்புஈஸ்வரி சிரித்துவிட்டாள்.
"நிழலு எத்தனை நிமிசம்னு கேளு, சொல்றேன்."
பதினோரு வயதில் பாசி எடுக்கக் கடலில் இறங்கியவள்,
இப்போது அறுபத்து மூன்று.
கட்டம் சிறியது. 'அதிகம்' என்று எழுதினேன்.

கீழக்கரை முத்து ஜொகரா யோசித்துச் சொன்னாள்:
மாடியில் துணி காயப்போடும் நேரம்.
மருமகள் வந்த பிறகு அதுவும் இல்லை.

இரண்டு ரத்தமும் ஒரே ஐஸ் பெட்டியில்.
உச்சிப்புளி தாண்டும்வரை மடியில் வைத்திருந்தேன்.

ஜொகராவுக்கு ஒன்பது. எதிர்பார்த்ததுதான்.
நம்புவுக்குப் பதினாலு.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
அவ்வளவு வெயிலும் எங்கே போயிற்று?

எனக்குத் தெரியும், பார்த்திருக்கிறேன்:
சேலைமேல் புருஷனின் முழுக்கைச் சட்டை,
விரலுக்கு விரல் துணிச்சுற்று,
தலைத்துண்டு, கண்ணாடி, காலில் கட்டிய தகடு.
மிச்ச உடம்பு தண்ணீருக்குள்.
வயசான தோல் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும்,
சமைக்கத்தான் மறந்துபோகும்
என்றார் மதுரையிலிருந்து வந்த டாக்டர்.

பிறகு மாத்திரை. வாரம் ஒன்று, ஐந்து வருடம்.
அறுபது தாண்டிய பெண்களுக்கு
வைட்டமின் டி கொடுத்தால் புற்று குறையுமா,
அதுதான் கேள்வி.
பாதிப் பேருக்கு மெய்.
பாதிப் பேருக்கு வெறும் எண்ணெய்.
இரண்டும் மஞ்சள், இரண்டுக்கும் ஒரே வழவழப்பு.
கணினி குலுக்கிப் போட்டதை
நானும் அறியேன், டாக்டரும் அறியார்.

"என் பேரிலேயே நம்பு இருக்கே" என்று
நம்பு ரேகை வைத்தாள்.
ஜொகரா கேட்டது வேறு:
"மேலுறை எந்த மிருகத்துத் தோலு?"
நான்கு நாள் போன் போட்டு விசாரித்து
மீன் என்று வந்து சொன்னேன்.
மீன் என்றால் சரி.

நான்காம் வருடம். கச்சான் அடித்துக்கொண்டிருந்தது.
நம்பு என் கையைப் பிடித்துத்
தன் சட்டைக்குள் வைத்தாள்.
இடப்பக்கம்.
கோலிக்குண்டு.

இதற்கென்று ஒரு படிவம் உண்டு, நீல நிறம்.
நிரப்பினேன்.
கை நடுங்கியதை எழுதக் கட்டம் இல்லை.

மதுரையில் எடுத்துவிட்டார்கள்.
எட்டு மாதத்தில் திரும்பக் கடலுக்குப் போனாள்.

முடிவு வந்தபோது அறிக்கை முழுக்க 'லாம்'.
குறையலாம். குறையாமலும் இருக்கலாம்.
சிலருக்கு உதவியிருக்கலாம்.
இன்னும் சில வருடம் பார்க்கலாம்.

உறைகளைப் பிரித்தார்கள்.
ஜொகரா தின்றது அத்தனையும் வெறும் எண்ணெய்.
"பொய்யாவா?" என்றாள். "எனக்கு முட்டுவலி போச்சே."
போன வலி போனதுதானே, இருவரும் பேசாமலிருந்தோம்.
தொதல் ஒரு துண்டு வெட்டித் தந்தாள்.

நம்புவுக்கு மெய்.
இதைச் சொல்ல வேண்டுமே என்றுதான்
பாம்பன் பாலத்தில் அவ்வளவு நேரம் நின்றேன்.

கரையில் பாசி உலர்த்திக்கொண்டிருந்தாள்.
காற்றில் சட்டை ஒருபக்கம் ஒட்டிக் கிடந்தது.
"மெய்தான் விழுந்துச்சா எனக்கு?"
"ஆமா."
"அப்படியும் வந்துருச்சு."
"ஆமா."
மாத்திரை இல்லையென்றால் இன்னும் மோசமாகி…
என்று தொடங்கினேன்.
அந்த லாம் தொண்டையைத் தாண்டவில்லை.

அவள் பாசியைப் புரட்டிப் போட்டாள்,
மறுபக்கமும் காய வேண்டும்.
"அப்ப வேற ஒருத்திக்கு விழவேண்டியத
நான் தின்னுட்டேனாக்கும்."
எண்ணூறு பக்க நெறிமுறையில் தேடினாலும்
இதற்குப் பதில் கிடைக்காது.

"காலி டப்பா இருக்கா?"
பை நிறைய இருந்தது. மெய்யும் பொய்யும் கலந்து.
"மூடி இறுக்கமானதாப் பாத்துக் குடு.
தீவுக்குப் போறப்ப
தீக்குச்சி நமுத்துப் போவுது."