ஒரே ஒரு துறைமுகத்துக்கு மட்டும்

உரிமத்தில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது.
பெனடிக்டா வியாகப்பன், ஊர் குளச்சல்,
நூற்றைம்பது மீட்டருக்கு மிகாத கப்பல்களை
இன்ன துறைமுகத்துக்குள் கொண்டுவரலாம்,
வெளியே கொண்டுபோய் விடலாம்.
வேறெங்கும் செல்லாது.
வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே
நான் வெறும் பயணி.

அம்மா அதை பீரோவில்
ஞானஸ்நானச் சீட்டுக்கு அடியில் வைத்தாள்.
"லாமினேட் பண்ணிரட்டா?"
வேண்டாம். கண்ணைச் சோதித்து
பின்பக்கத்தில் முத்திரை குத்துவார்கள்,
இடம் வேண்டும்.

கண்தான் முதலில்.
புள்ளிகள் நிறைந்த வட்டத்துக்குள்
எழுபத்து நாலு ஒளிந்திருந்தது.
சொன்னேன். அடுத்த பக்கம் புரட்டினார் டாக்டர்.
பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால்
நாகர்கோவிலில் இதே பக்கத்தைப் பார்த்து
என் அண்ணன் கிளீற்றஸ்
இருபத்தொன்று என்றான்.
திரும்பப் பார்க்கச் சொன்னார்கள்.
திரும்பவும் இருபத்தொன்று.
கப்பலுக்கென்று தைத்த வெள்ளைச் சட்டையைப்
பெருநாளுக்குப் போட்டுத் தீர்த்தான்.

ஆறு மாதம்
பிறர் தோளுக்குப் பின்னால் நின்றேன்.
பகலில் இத்தனை கப்பல், இரவில் இத்தனை,
ஒவ்வொன்றுக்கும் ஒரு கையெழுத்து.
சிமெண்டுக் கப்பல், கோதுமைக் கப்பல்,
சமையலறையில் யாரோ மீன் தீய்த்துவிட்ட
ஒரு நிலக்கரிக் கப்பல்.
கயிற்றேணியை மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை:
படகு அலையின் உச்சிக்கு வரும்போது தாவு.
பள்ளத்தில் தாவினால்
படகு திரும்ப எழும்பி வந்து காலைத் தேடும்.

பிறகு வெள்ளைத் தாள்.
மிதவைகள், ஆழங்கள், விளக்குகள்,
எந்த விளக்கு எத்தனை நொடிக்கு ஒருமுறை,
எல்லாம் மனதிலிருந்து வரைய வேண்டும்.
கிறிஸ்மஸ் லீவில் பழைய காலண்டரின் பின்புறம்
வரைந்து பழகினேன்.
பாதித் தூக்கத்தில் ஒருநாள்
கை தன்பாட்டில் போய்
குளச்சல் பாறையை வரைந்துவிட்டது.
ஒரு மதிப்பெண்ணுக்கும் உதவாத பாறை.
அழிக்க மனமில்லாமல்
அந்தத் தாளில் புளி பொதிந்து கொடுத்தேன்.

வாய்மொழித் தேர்வில் மூன்று பேர்.
ஒருவருக்கு இருமல்.
"எஞ்சின் நின்றுபோனால்?" நங்கூரம்.
"கால்வாயின் நடுவில் இருப்பது எப்படித் தெரியும்?"
கணியம் என்று நாக்குவரை வந்தது.
கோயில் கோபுரமும் மலை முகடும்
ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தில்
வலை போடும் என் ஊர்க்காரர்களின் சொல்.
விழுங்கிவிட்டு,
முன்விளக்கும் பின்விளக்கும் நேர்கோட்டில் என்றேன்.
"கப்பல் யார் பொறுப்பு?"
கேப்டன் பொறுப்பு. நான் யோசனை சொல்பவள்.
"யோசனையைக் கேட்காவிட்டால்?"
மறுபடி சொல்வேன்,
இன்னும் கொஞ்சம் சீக்கிரமாக.
இருமல்காரர் ஏதோ குறித்துக்கொண்டார்.

நேற்று ராத்திரி
கிளீற்றஸின் போட்டில் போனேன், சும்மா.
அஞ்சாறு பெட்டி சாளை, அவ்வளவுதான்.
திரும்பும்போது பாறைக்குக் கிட்டே
என் வாய் தானாகத் திறந்தது:
"இடது பத்து."
போட்டே சிரித்தது.
"ஒனக்க சீட்டு இங்க செல்லாதுல்லா" என்றான்
ஒரு கையில் கட்டன் சாயாவோடு.

தடுப்புச்சுவரின் முனையில் விளக்கு தெரிந்தது.
எனக்குப் பச்சை.
அவன் உதடு லேசாக அசைந்தது.
ஒண்ணு, ரெண்டு, மூணு, வெளிச்சம்.
ஒண்ணு, ரெண்டு, மூணு.
அந்தக் கணக்கிலேயே திருப்பினான்
அடுத்த சுவரில் மோதாமல்,
என் கண்ணை ஒருமுறைகூடக் கடன் கேட்காமல்.

கரையில் கயிறு வாங்க ஆளில்லை.
"நீ குதி" என்றான்.
உச்சிக்காகக் காத்திருந்து
குதித்தேன்.