வருசம் ஆறடி

முதலில் வெடிப்புத்தான் வந்தது.
வீட்டுத்திட்டத்து வீடு,
குடிபூர்ந்து மூன்றாம் ஆவணி.
ஹோல் சுவரில், யன்னல் மூலையிலிருந்து
மயிரளவில் ஒரு கோடு.
பென்சிலால் பிள்ளை கீறியதென்று
பிள்ளைக்கு ஒரு அடியும் போட்டேன்.

"களிமண்ணக்கா. கோடையில சுருங்கும்,
மாரியில ஊதும்,
வீடு என்ன செய்யும்?"
என்றான் மேசன் தேவசிகாமணி.
பூசித் தந்தான்.
பூச்சும் சேர்ந்து வெடித்தது.

மல்லாவிச் சந்தியில் வெள்ளிக்கிழமைகளில்
நளீமின் லொறி நிற்கும்.
பின்கதவைத் திறந்தால் ஒரு தோட்டம் சரியும்:
றோசா, தாமரை, பெயர் தெரியாத நீலம்,
எல்லாம் ஒரே பருவத்தில்.
ஒரு கொடி எடுத்தேன். ஆறடி.
"தண்ணி வேணாம், வெயில் வேணாம்,
கடன்காரன் மாதிரி,
வந்தா வந்ததுதான், போகாது" என்றான்.

வீட்டு வெளிச்சத்தில் பார்த்தால்
செய்தவர் லேசுப்பட்ட ஆளில்லை.
இருபது இலைக்கு ஒன்று பழுத்திருந்தது.
ஒன்று ஓரம் கருகியிருந்தது.
ஒன்றில் பூச்சி அரித்த ஓட்டை,
பூச்சியில்லாத அறையொன்றில்
யாரோ இருந்து யோசித்து அரித்த ஓட்டை.
நுனி இலையில் பசைத்துளி. பனியாம்.
எங்கோ ஒருத்தி
நாள் முழுக்கப் பனித்துளி மட்டும் வைத்திருப்பாள்.
நான் கிளிநொச்சியில் நாலு வருசம்
பொக்கற் மட்டும் தைத்தவள்.
எனக்குத் தெரியும் அந்தக் கை.

ஆணி அடித்து, வெடிப்புப் போன வழியே
கொடியை விட்டேன்.
ஒரு கொடி எப்படிப் படருமென்று
வெடிப்புக்கு நன்றாகத் தெரிந்திருந்தது:
நேரே போகாமல்,
கல்லிடுக்கில் தயங்கி, முறிந்து,
பிறகு எதையோ நினைத்துக்கொண்டு மேலே.

வந்தவர்கள் தொட்டுப் பார்த்தார்கள்.
றெஜினா ஒரு இலையை நகத்தால் கிள்ளி
விரலை மணந்து பார்த்தாள்,
பிறகு எனக்குத் தெரியாமல் சட்டையில் துடைத்தாள்.

இவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.
முற்றத்தில் அவர் வைத்த செவ்வரத்தை மூன்றையும்
குரங்கு மொட்டோடு தின்றுபோன வருசம் அது.
கிணற்றில் வாளி அடிதட்டிய வருசம்.
குளித்த தண்ணியைத்தான் மிளகாய்க்கு விட்டார்.
ஒருநாள் இரவு, கரண்ட் இல்லை,
குப்பி விளக்கோடு போனவர் கொடியருகே நின்று
"இதுக்கு மட்டும் ஒரு குறையுமில்லை" என்றார்.
கோபமா, மெச்சலா,
நான் கேட்கவில்லை.

அடுத்த ஆவணியில் வெடிப்பு
கொடியைத் தாண்டி நாலு விரல் போயிருந்தது.
கொடி நின்ற இடத்தில் நின்றது.
திரும்ப நளீம். திரும்ப ஆறடி.
பச்சை கொஞ்சம் இளசு.
"புதுத் துளிர் எண்டு சொல்லுங்க" என்றான்.
சொன்னேன்.
நம்பினார்கள்.

இப்போது கூரைக்குக் கிட்ட வந்துவிட்டது.
வருவோர் போவோருக்கெல்லாம் பிள்ளை சொல்கிறாள்:
"எங்கட கொடி வருசம் ஆறடி வளரும்."
பொய்யென்று எப்படிச் சொல்ல?

மாதம் ஒருமுறை இறக்கிச்
சவர்க்கார நுரையில் அலசுவேன்.
அது கொடிக்கயிற்றில் சட்டைகளோடு காயும்வரை
சுவர் வெறுமேலோடு நிற்கும்.
முன்பு நகம் போனது அதற்குள்.
இப்போது விரல் நுனி போகிறது.
உள்ளே குளிர்.

போன கிழமை இறக்கப் போனால்
பழுத்த இலையின் பின்புறம்
குளவியொன்று மண்கூடு வைத்திருக்கிறது.
இந்தக் கோடையில் ஈரமண் எங்கே கண்டதோ.
வீட்டுக்குள் குளவி கட்டினால்
பிள்ளை பிறக்குமாம். றெஜினா சிரிக்கிறாள்.
எனக்கு நாற்பத்திரண்டு.

கழுவாமல் விட்டுவிட்டேன்.
செம்மண் தூசி படியப் படிய
அது முன்னையைவிட நிசமாயிருக்கிறது,
லொறி போன பிறகு
றோட்டோரத்தில் நிற்குமே,
அந்தப் பற்றை மாதிரி.