மூன்றாவது வரி

கடலை மலைமேல் ஏற்றுவது என் வேலையாக இருந்தது.
அந்தோஃபகஸ்தா கரையில் உப்பு நீக்கிய தண்ணீர்,
நான்கு நிலையங்கள் தாண்டி
மூவாயிரம் மீட்டர் உயரத்துச் சுரங்கத்துக்கு.
பதினேழு வருடம்.
வழியில் ஒரு புல் கிடையாது.
குழாய் மட்டும் வெயிலில் நீளும், இரவில் சுருங்கும்,
தாங்கிகளின்மேல் முனகி நகரும்.

பம்ப்பின் உடம்பில் திருப்புளியின் முனையை வைத்து
பிடியைக் காதெலும்பில் அழுத்துவேன்.
பேரிங் நன்றாயிருந்தால் மழைச் சத்தம்.
அந்த ஊரில் மழையை அப்படித்தான் கேட்க முடியும்.
கெடத் தொடங்கினால்
உள்ளே யாரோ அரிசி களைவார்கள்.

ஏன் விட்டாய் என்றவர்களிடம்
முழங்கால் என்றேன்.

இப்போது செவ்வாயும் வியாழனும் மாலையில்,
பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியில்,
பொறியியல் மேலாண்மை.
பாதிச் சம்பளம். பலகைக்கு ஐந்து பேனா,
அதில் மூன்று எழுதாது.
முதல் வாரம் அம்புகள் வரைந்தேன்:
யார் யாரிடம் சொல்ல வேண்டும்.
குழாய்ப்படம் வரைந்து பழகிய கை,
அம்புகளுக்கு நடுவே தன்பாட்டில்
ஒருவழி வால்வு போட்டுவிட்டது.
யாரும் சிரிக்கவில்லை.
குறித்துக்கொண்டார்கள்.

'ஆட்களின் பெயரை எடுத்துவிடுங்கள்,
பாடம் நிற்கட்டும்' என்றார்
துறைத்தலைவர் உர்ரெஹோலா.
எடுத்தேன்.
சுரங்கம் 'நிறுவனம் அ' ஆனது.
ஹிமேனா ஒயார்சூன் 'பொறியாளர்' ஆனாள்.
நான்காம் பம்ப் வெடித்து
பதினோரு நாள் மலை வறண்டு கிடந்தது
இரண்டரைப் பக்கம் ஆனது, கேள்விகள் ஐந்துடன்.
'பொறியாளர் அதிர்வு குறித்து உரிய நேரத்தில் தெரிவித்தார்.
நிர்வாகம் உற்பத்தியைக் கருதி ஒத்திவைத்தது.'
காதும் காதும் வைத்தாற்போல்
என்னை நானே காப்பாற்றிக்கொண்ட இரண்டு வாக்கியங்கள்.

கடைசி வரிசையில் எலியேசர் திக்கோனா கை தூக்கினார்.
என் வயது.
ஏழு நாள் மலை, ஏழு நாள் கரை,
ஒன்றுவிட்ட வாரம்தான் வகுப்புக்கு வருவார்,
இரும்பு முனை ஷூவோடு.
'பேராசிரியை, அவர் தெரிவிக்கவில்லை.
மின்னஞ்சல் அனுப்பினார்.
தலைப்பு, வாராந்திர நிலவரம்.
முதல் வரியில் எண்ணெய் வந்து சேர்ந்தது.
இரண்டாவதில் கையுறை தட்டுப்பாடு.
மூன்றாவதில்தான் பம்ப்.
"கவனித்தால் நல்லது" என்று.
அச்செடுத்துப் பட்டறைப் பலகையில் குத்தியவன் நான்.
அன்றிரவு மூடி பறந்தது
என் தலைக்கு ஒரு சாண் மேலே.'

ஓடும் தண்ணீரைச் சட்டென நிறுத்தினால்
குழாய்க்குள் அது திரும்பி வந்து அறையும்.
அந்த அறைக்கு ஒரு கணக்கு உண்டு,
தேர்வுக்கு வரும், நான் முழு மதிப்பெண் வாங்கியது.

'அவர்களுக்குப் பிடிக்கிற மொழியில் எழுதினால்
படிப்பார்கள் என்று நினைத்தேன்' என்றேன்.
பயந்தேன் என்பதற்கு
அது கொஞ்சம் நீளமான சொல்.
'அந்தப் பொறியாளர் நான்.'
முன்வரிசைப் பெண் பேனாவை மூடினாள்.
எலியேசர் 'தெரியும்' என்றார்,
நேரம் கேட்டவருக்கு நேரம் சொல்வது போல.

டஸ்டர் இல்லை. சட்டைக் கையால் அம்புகளை அழித்தேன்.
அந்த மூன்றாவது வரியை
அப்படியே பலகையில் எழுதினேன்.
'இதைத் திருத்துங்கள். மதிப்பெண் கிடையாது.
இரவு மணி இரண்டு. படிப்பவர்
தூக்கத்திலிருந்து எழுந்தவர்.
ஒரு வரிக்கு மேல் படிக்க மாட்டார்.'
இருபத்திரண்டு தலைகள் குனிந்தன.
தாளில் பேனா ஓடும் சத்தம்,
மழையா அரிசியா, நின்று கேட்டேன்,
சொல்ல முடியவில்லை.

எலியேசர்தான் முதலில் நீட்டினார்:
'பம்ப்பை நிறுத்திவிட்டேன்.
வந்து என்னைக் கேளுங்கள்.'

பிறகு பையை மாட்டிக்கொண்டே,
அடுத்த வாரம் மலையில் இருப்பேன்,
வருகைப் பதிவில் என்ன போடுவீர்கள் என்றார்.
அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.
விதிப்புத்தகத்தில் பார்க்க வேண்டும்.