டிஸ்க்கைப் போடவும்

உள்ளே தள்ளினால் மூன்று சுற்று,
ஒரு செருமல், பிறகு சத்தமில்லை.
திரையில் எழுத்து வருகிறது: டிஸ்க்கைப் போடவும்.
வாயில் வைத்துக்கொண்டே கேட்கிறது.

"ஆறு கடை ஏறி எறங்கியாச்சு" என்றார் ததேயு.
குறும்பனையில் ஏறி, கருங்கலில் பஸ் மாறி
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கடியில்
என் மேசைக்கு வந்து சேர்ந்தவர்.
உறையில் ஸ்கெட்ச் பேனா எழுத்து:
ததேயு, 53, ஆஞ்சியோ.
"சித்திரையில எடுத்தது பிள்ளே.
துட்டு சேர கார்த்திகையாச்சு.
படம் பாக்காம கத்தி வைக்க மாட்டேன்னு
திருவனந்தபுரத்து டாக்டரு பறஞ்சிட்டாரு.
இன்னொருக்க குழாய் விடணும்னா எங்க போவேன்?"

வழக்கமானதெல்லாம் செய்தேன்.
கேபிளைப் பிடுங்கி வேறு துளையில் செருகினேன்.
டிவைஸ் மேனேஜரில் ட்ரைவை நீக்கி
மெஷினை அணைத்து எழுப்பினேன்.
ரெஜிஸ்ட்ரியில் ஒட்டிக்கிடந்த
அப்பர் ஃபில்டரை, லோவர் ஃபில்டரை அழித்தேன்.
காது குடையும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு
லென்ஸைத் துடைத்தேன். பஞ்சு கறுத்தது.
வேறு டிஸ்க் ஒன்றைப் போட்டுப் பார்த்தால்
யார் வீட்டுக் கல்யாணமோ
பாண்டு வாத்தியத்தோடு உடனே ஓடுகிறது.

ட்ரைவுக்குக் கண் தெரிகிறது.
இவரைத்தான் தெரியவில்லை.

டியூப் லைட்டில் சாய்த்துப் பிடித்தேன்.
கீறல் இல்லை, பூசணம் இல்லை.
எழுதின இடத்துக்கும் எழுதாத இடத்துக்கும் நடுவே
மயிரிழை மாதிரி ஒரு வரம்பு.
எழுதித்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.
மூன்று மாதத்துக்கு மேல் வைப்பதில்லை, அழித்தாயிற்று.
"ட்ரைவை ஆடியில நீங்கதானே மாத்தினீங்க?" என்றாள்
அங்கே இருக்கும் பெண்.

நான்தான் மாற்றினேன்.
பழசுக்கு லேசர் கோணியிருந்தது.
கோணலான கண் கோணலாகவே எழுதும்,
அதற்கு அது நேர்.
மற்ற எதற்கும் அது எழுத்தே இல்லை.

மேசைக்கடியில் அரிசிச் சாக்கு.
பதினேழு ட்ரைவ், எல்லாம் கிலோ கணக்கில் போக இருந்தவை.
என் மார்க்கர் கிறுக்கலைத் தேடி
ஒவ்வொன்றாய்த் தரையில் பரத்தினேன்.
ததேயுவும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து
மீன் தரம் பிரிப்பதுபோல் பிரித்தார்.
பன்னிரண்டாவது.

தட்டு திறக்கவில்லை.
சிறு துளையில் பேப்பர் கிளிப்பை நீட்டிக் குத்தி இழுத்தேன்.
பெல்ட் தளர்ந்திருந்தது. வேறொன்றின் பெல்ட்டை மாட்டினேன்.
சுற்றியது, நின்றது, சுற்றியது.
எனக்குக் கை வியர்த்தது.
"சத்தம் மாறிச்சு" என்றார்,
வள்ளத்து இன்ஜினில் காது பழகினவர்.
"இது பிடிச்சிரும்."
திரை அப்போதும் காலியாகத்தான் இருந்தது.

பிறகு வந்தது.
சாம்பல் நிறத்தில் ஏதோ துடிக்க,
கறுப்பு மை ஓடி ஓடிக் கிளை பிரிந்து
ஓரிடத்தில் நூலாய் மெலிந்து
அப்பால் மறுபடியும் பெருகியது.
அவர் அந்த இடத்தில் விரலை வைத்தார்.
"இதா?"

"எனக்கு அது வாசிக்கத் தெரியாது அண்ணே.
திறக்க மட்டுந்தான் தெரியும்."

பென்டிரைவில் ஒன்று, புது டிஸ்க்கில் இரண்டு
காப்பி எடுத்துக் கொடுத்தேன். இருநூறு ரூபாய்.
பழசை எடுக்கப் போனால் தட்டு மறுபடி மறுத்தது.
மறுபடி கிளிப்.
அவர் கையில் வாங்கிப் பார்த்தார்.
"சூடா இருக்கே."
"ஓடினதில்லியா" என்றேன்.