அகழி, அதாவது கான்

தோம்பில் அது அகழி.
மட்டக்குளிப் பிள்ளைகளுக்கு அது கான்.
பந்து போகும், செருப்பு போகும்,
ஒருமுறை பெரோசாவின் கேஸ் அடுப்பே போயிருக்கிறது.

டயர்க் கடைக்கும் தேவாலயச் சுவருக்கும் நடுவே
ஓராள் நுழையும் சந்து,
அதன் முடிவில் வீடு.
உடைக்குமுன் அளந்துவைக்கச் சொல்லி
கந்தோர் என்னை அனுப்பியது:
நாடா, தூக்குக்குண்டு, பென்சில்,
தோம்பின் நகல் ஒன்று, மங்கலாய்.

அத்திவாரம் கபுக்கல்.
கோட்டை ராசாக்கள் காலத்தது என்றார் நொயெலின் மாமி.
'காலம்' என்ற கட்டத்தில் கேள்விக்குறி போட்டேன்.
அதன்மேல் போர்த்துக்கேயன் ஏற்றிய சுவர்,
மூன்றடித் தடிப்பு.
யன்னல்கள் உள்ளே அகன்று வெளியே ஒடுங்குகின்றன,
ஆளை நம்பாமல் இடுக்கிப் பார்க்கும் கண் மாதிரி.
பிறகு உலாந்தாக்காரன்:
சுருள் முகப்பு, பருத்த தூண்கள்,
சுற்றிவர விறாந்தை.
இங்கிலீசுக்காரன் சேர்த்தது ஒரு கக்கூசு;
சொல் மட்டும் உலாந்தாக்காரனுடையது.

இப்போது பதினொரு குடும்பம்.
பெருங்கூடத்தைப் பலகை நான்காய்ப் பிரிக்கிறது,
பலகைக்கு மேலே ஒரே கூரை.
ஒருவர் இருமினால் நான்கு வீட்டில் விளக்கு எரியும்.
"அளந்து முடிஞ்சா எங்களுக்கு எத்தனையாம் மாடி, மிஸ்?"
பெரோசா கேட்டாள்.
எனக்குத் தெரியாது என்றேன். தெரியும்.

வெள்ள வருடத்தின் கதையை எல்லோரும் சொன்னார்கள்,
ஒருவர் வாயிலிருந்து ஒருவர் பிடுங்கி.
களனி கங்கை கரை தாண்டிய இரவு
கான் தன் பழைய சதுரத்தை நினைவு வைத்திருந்ததாம்:
நாலு மூலையும் பிசகாமல் நின்ற தண்ணீர்,
நடுவே வீடு மட்டும் ஈரமில்லாமல்.
ஒழுங்கை முழுக்க விறாந்தையில் படுத்தது.
அருளப்பனின் ஆடு முகப்பு மண்டபத்தில் ஈன்றது.
கட்டியவன் கண்டிருந்தால்
எந்தப் பக்கம் பீரங்கியைத் திருப்பியிருப்பான்?

நான்காம் நாள்
சமையல்கட்டுக்குப் பின்னால் இரண்டாவது பள்ளம் கிடைத்தது.
அகலம் ஒன்பதடி. வாழை நட்டிருந்தார்கள்.
அது வீட்டைச் சுற்றவில்லை.
பின்வளவில் நீண்ட கொட்டில் ஒன்றின் அடித்தளத்தை,
யன்னலுக்கு இடமே விடாத ஒன்றை,
தனியாகச் சுற்றிப் போனது.

தோம்பைத் திரும்ப விரித்தேன்.
தென்னை நூற்று நாற்பது. பலா பதினொன்று.
எருமை ஆறு. ஆட்கள் ஒன்பது.
அதே மை, அதே வரிசை,
எருமைக்கும் ஆட்களுக்கும் நடுவே
கோடு கூட இழுக்கவில்லை.

தூக்குப் பாலம் இருந்த இடத்தில்
வீட்டுப் பக்கக் கல்லில் இரண்டு இரும்புக் கொளுக்கி,
சங்கிலி தேய்த்துத் தேய்த்து வழுவழுத்த காடி.
குனிந்து வாழையை விலக்கி
கொட்டில் பக்கக் கல்லைத் தடவினேன்.
வெறும் கல்.
இந்தப் பாலத்தைத் தூக்கலாம், இறக்கலாம்,
ஒரு கரையிலிருந்து மட்டும்.

முதல் அகழி யாருக்குப் பயந்து,
இரண்டாவது யாருக்குப் பயந்து
என்றெல்லாம் குறிப்பில் எழுத இடமில்லை.
'ஆழம்' என்றொரு கட்டம் இருக்கிறது.
பெரோசாவின் மகன் ரிகாஸ் தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தான்,
நூல் முடிந்தது, சேறு முடியவில்லை.

அன்றிரவு மேசையில், நூற்றுக்கு ஒன்று அளவில்,
கொட்டில் பக்கக் கரையில்
இல்லாத ஒரு கொளுக்கியை வரைந்தேன்.
அரை மணிநேரம் அது அங்கே இருந்தது.
பிறகு அழித்தேன்;
அளவுகாரி பொய் வரையக்கூடாது.

பிரதியெடுத்த தாளில்
அழித்த இடம் சிறு புள்ளியாய் விழுந்திருக்கிறது.
பணிப்பாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
விரலால் தொட்டார்:
"இதென்ன?"
"தாளில் குறை, சேர்" என்றேன்.
அவர் கையெழுத்துப் போட்டார்.