எட்டு அங்குலம்

எட்டு அங்குலம் தாண்டினால் அது களை.
டவுன்ஷிப் விதி, பிரிவு பதினான்கு.
எழுதியது நானில்லை,
அளக்கிறவள்.

புது வீடுகளிலிருந்து புகார்:
ஹூக்ஸ்ட்ராவின் நிலம் கண்ணை உறுத்துகிறது.
ஓடாத வண்டி, துருப்பிடித்த கம்பிச் சுருள்,
இடுப்பளவு புல்.

இடுப்பளவுதான்.
நாடாவைப் பிடித்தேன்: முப்பத்தொன்று.
கதிர்விட்ட திமோத்திப் புல்,
ஊடே ஊதாப் பூவில் குதிரைமசால்.
தேனீ ஒன்று நாடாவில் உட்கார்ந்து
இருபதுக்கும் இருபத்தொன்றுக்கும் இடையே
கால் துடைத்துக்கொண்டது.

ஓடாத வண்டி என்பது தீவனம் கட்டும் எந்திரம்.
"ஓடும்" என்றார் டிர்க்.
"வருஷத்தில் ஆறு நாள்."

பத்து நாளில் வெட்டச் சொல்லும் தாளை நீட்டினேன்.
வாங்கவில்லை.
மிச்சிகன் ஏரிப் பக்கம் முகத்தைத் திருப்பி
மோந்து பார்த்தார்.
"சேர்ந்தாற்போல் மூன்று நாள் வெயில் கொண்டு வா.
இன்றைக்கே வெட்டுகிறேன்.
ஈரத்தில் கட்டினால் கொட்டகையோடு எரியும்."

எங்கள் அலுவலகத்தில் வெயிலுக்கு மனுப் படிவம் இல்லை.

திரும்பும் வழியில்
புகார் கொடுத்த கெல்லர்மன் வீடு.
தரை மழித்த தாடை மாதிரி.
தபால் பெட்டியின் காலடியில் மட்டும்
காற்று கொண்டுபோய்ப் போட்ட திமோத்தி, ஒரு கொத்து.
அளந்தேன், பழக்கதோஷம்.
பதினொன்று.
இங்கே இது பயிரில்லை,
விதிக்கு முழு உரிமை உண்டு.

பிடுங்கினேன்.
ஒரு தண்டைக் கடித்தேன், இனிப்பு.

முதல் துளி கண்ணாடியில் விழுந்தபோது
ஹூக்ஸ்ட்ராவின் தாளை மடியில் விரித்து,
'கெடு நீட்டிப்புக்குக் காரணம்' என்ற கட்டத்தில்
மழை
என்று எழுதினேன்.
கட்டம் சிறியது.
போதுமானதாக இருந்தது.